கரடியின் மூளையும் மரநாயின் மூலையும்

ஆனைமடுக் குளத்தின் கிழக்குக் கரையில் ஒரு கரடி வண்டிப் பட்டறை வைத்திருந்தது. அதன் பெயர் மாசிலாமணி. மேற்குக் கரையில் ஒரு காட்டுப்பன்றியும் வண்டிப் பட்டறை வைத்திருந்தது. அதன் பெயர் கொம்பையா. நடுவில் குளம் இருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளவில்லை. கத்திக்கொண்டன.

"கரடி வண்டி கடகடன்னு ஆடும்!" என்று மேற்கிலிருந்து ஒரு மந்தி கூவும்.

"பன்றி வண்டி பாதி வழியில் படுக்கும்!" என்று கிழக்கிலிருந்து இன்னொரு மந்தி கூவும்.

இரண்டு மந்திகளும் அண்ணன் தம்பி. சாயங்காலம் ஒரே கிளையில் உட்கார்ந்து கூலியைப் பங்கிட்டுக்கொள்ளும்.

காட்டில் வண்டி எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு கோடையிலும் ஆனைமடு வற்றிவிடும். அப்போது காடே மூட்டை கட்டிக்கொண்டு மலை இடுக்கு வழியாக ஆற்றங்கரைக்குப் போகும். மூன்று நாள் நடை. வழியெல்லாம் பாறை. பாறையெல்லாம் நெருப்பு. ஆமைகள், முள்ளம்பன்றிகள், பாதம் கெட்டிப்படாத குட்டிகள் என்று பதினெட்டு வீட்டாருக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி இல்லாவிட்டால் பயணமே இல்லை. பாறையில் அடிபட்ட வண்டி அடுத்த கோடைக்கு மிஞ்சாது. இவர்களைத் தவிர வசதியான வீடுகள் நாலு உண்டு. அவர்களுக்கு எருமை பூட்டிய நாலு சக்கரக் கூண்டு வண்டி வேண்டும். அதில் ஒன்று மயில் வீடு. மயிலுக்கு இறக்கை இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. கௌரவம் பறந்து போனால் நன்றாகவா இருக்கும்?

காட்டில் எதை வாங்கினாலும் தேனடைதான் விலை. இங்கேதான் கரடிக்கு ஒரு ரகசியம். தேனீ என்றால் அதற்குத் தொடை நடுங்கும். சின்ன வயதில் மூக்கில் வாங்கிய பதினொரு கொட்டு இன்னும் மறக்கவில்லை. மற்ற கரடிகள் கூட்டில் கையை விட்டுத் தேன் எடுத்தன. இது வண்டி விற்றுத் தேன் சாப்பிட்டது. பட்டறை ஓடும்வரை மூக்கு தப்பும். பட்டறையை மூடினால் மரம் ஏற வேண்டும்.

போன கோடையில் கரடியைவிடப் பன்றி மூன்று வண்டி கூடுதலாக விற்றுவிட்டது. இந்தக் கோடையும் அப்படிப் போனால் பட்டறை தாங்காது. கரடி அடிக்கடி மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

அந்தச் சமயம் பார்த்து மரநாய் வந்து சேர்ந்தது. பெயர் பட்டாபி. ஊருக்குள் ஒரு மேலாண்மைக் கல்லூரியின் மச்சில் இரண்டு வருஷம் குடியிருந்த மரநாய். கீழே வகுப்பு நடக்கும். மேலே இது படுத்திருக்கும். பரீட்சை எழுதவில்லை என்பதைத் தவிர, மாணவர்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களும் படுத்துத்தான் கிடந்தார்கள்.

"சார், எத்தனை வண்டி செய்யணும்னு இங்க யார் முடிவு பண்றா?" என்று கேட்டது மரநாய்.

"கேக்குறவங்க வந்து கேப்பாங்க. செஞ்சு கொடுப்பேன்."

மரநாய் கண்ணை மூடிக்கொண்டது, துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல. "ஐயோ சார்! இந்தக் காலத்துலயா? நேரியல் திட்டமிடல்னு ஒண்ணு இருக்கே, கேள்விப்பட்டதே இல்லையா?"

"நேரா நின்னு திட்டுறதுதானே? அதைத்தான் நானும் கொம்பையாவும் தினம் பண்றோமே!"

பட்டறையின் மேல் கம்பில் உட்கார்ந்திருந்த மரங்கொத்தி சிரித்துவிட்டது. அதன் பெயர் வடிவு. சக்கரத்துக்கு அச்சுத்துளை போடுவது அதன் கூட்டத்தார். பட்டறையில் வேலை நடப்பது இவர்களால். முதலாளி என்ற பெயர் கரடிக்கு.

"திட்டுறது இல்ல சார், திட்டம்!" என்றது மரநாய். "உங்ககிட்ட என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு சொல்லுங்க. எதை எத்தனை செஞ்சா லாபம் உச்சத்துக்குப் போகும்னு நான் சொல்றேன். ஒரு தேனடை மட்டும் முன்னாடியே வெச்சிடுங்க."

கரடி வைத்தது. பிறகு சொன்னது. புயலில் விழுந்த மரம் நாற்பது இருக்கிறது. குளத்தில் நிற்கும் கொக்குக்கு இப்போது தொடை வரை தண்ணீர். அது வற்ற முப்பது நாள் ஆகும் என்று கொக்கே சொல்கிறது. தள்ளுவண்டிக்கு ஒரு மரமும் ஒரு நாள் வேலையும் போதும். கூண்டு வண்டி நாலு மரமும் மூன்று நாளும் கேட்கும். தள்ளுவண்டியில் ஒரு தேனடை லாபம், கூண்டு வண்டியில் ஐந்து.

மரநாய் குளத்தோரச் சேற்றில் இறங்கி, வாலால் ஒரு படுக்கைக் கோடு போட்டது. ஒரு நிமிர்ந்த கோடு போட்டது. குறுக்கே மரத்துக்கு ஒரு சாய்கோடு, நாளுக்கு ஒரு சாய்கோடு. சேற்றில் ஒரு முக்கோணம் பளபளத்தது.

"இந்த வேலிக்குள்ள நீங்க எங்க வேணாலும் நிக்கலாம் சார். ஆனா உச்ச லாபம் நடுவுல இருக்காது. விடை எப்பவும் மூலையிலதான் இருக்கும்."

கரடியின் காதில் ரோமம் அதிகம். அதற்கு 'மூளை' என்று கேட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டது. "நானும் அதேதான் நினைச்சேன். எல்லாம் இந்த மூளையிலதான் இருக்கு!"

"மூளை இல்ல முதலாளி, மூலை! முக்கோணத்து மூலை!" என்றது வடிவு.

"நீ துளையைப் பாரு," என்றது கரடி.

மரநாய் ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று காட்டியது. "முதல் மூலையில எதுவுமே செய்யாம சும்மா உக்காரலாம். லாபம் பூஜ்யம்."

"அதுவும் நல்லாத்தான் இருக்கு," என்றது கரடி, கொஞ்சம் ஏக்கத்தோடு.

"ரெண்டாவது மூலை, முப்பது தள்ளுவண்டி. முப்பது தேனடை. மூணாவது மூலை, பத்து கூண்டு வண்டி. அம்பது தேனடை! முடிஞ்சுது சார். கூண்டு வண்டி பத்து. தள்ளுவண்டி பூஜ்யம்."

"பூஜ்யமா?"

"பூஜ்யத்துக்குக் கீழ போகக் கூடாதுங்கறதுதான் சார் கட்டுப்பாடு. பூஜ்யம் வரைக்கும் தாராளமா போகலாம்."

வடிவு கீழே இறங்கி வந்தது. "காட்டுல வசதியான வீடு நாலுதான் இருக்கு. பத்து வண்டியை யார் வாங்குவா?"

"நல்ல கேள்வி!" என்றது மரநாய். பதில் தெரியாதபோது அப்படிச் சொல்ல வேண்டும் என்று மச்சிலிருந்தே கற்றுக்கொண்டிருந்தது. "தேவைங்கறது தானா இருக்கறது இல்லம்மா. நாம உருவாக்கறது."

கரடி ஐம்பது தேனடையை மனதில் அடுக்கிப் பார்த்தது. ஒரு தேனீகூட இல்லாத ஐம்பது தேனடை. அதன் பிறகு அதன் காதில் யார் பேச்சும் விழவில்லை.

மரநாய் தேனடையைக் கவ்விக்கொண்டு, கரையைச் சுற்றி மேற்கே போனது. வடிவு அதையும் பார்த்தது. "கொம்பையாகிட்டயும் போறியா?"

"தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கும்மா," என்றது மரநாய். "இங்க சொன்னதை அங்க சொல்ல மாட்டேன். அங்க சொல்றதை இங்க சொல்ல மாட்டேன்."

சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பன்றியிடமும் நாற்பது மரம் இருந்தது. குளமோ இருவருக்கும் ஒன்று, முப்பது நாளில் வற்றப்போகிற குளம்.

பத்தாம் நாள் கரடி தண்ணீருக்கு மேலாக மேற்கே பார்த்தது. பன்றியின் பட்டறை வாசலில் மூன்று கூண்டு வண்டிகள் நின்றன.

"டேய் கொம்பையா! யாரைக் கேட்டுடா கூண்டு வண்டி பண்றே?"

"என் மூளையைக் கேட்டுத்தான்! விடை அங்கதான் இருக்காம்! நீ?"

"நானும் என் மூளையைக் கேட்டுத்தான்!"

பன்றிக்கும் காதில் ரோமம் அதிகம்.

போட்டி சூடு பிடித்தது. பன்றி தன் வண்டிக்கு நாணல் கூரை போட்டது. கரடி கூரை போட்டு அதற்கு மேல் மயிலிறகு வைத்தது. பன்றி உள்ளே பஞ்சு மெத்தை விரித்தது. கரடி ஒவ்வொரு வண்டியிலும் கயிறு கட்டி ஒரு மணி தொங்கவிட்டது. "மணி இலவசம்!" என்று கிழக்கு மந்தி கூவியது. "மெத்தையும் இலவசம்! படுத்துப் பார்ப்பதும் இலவசம்!" என்று மேற்கு மந்தி கூவியது. அண்ணனும் தம்பியும் அந்தக் கோடையில் நன்றாகச் சதை போட்டன. கொக்குக்குத் தண்ணீர் முட்டிக்கு வந்தது.

ஒரு காலையில் நீர்நாய் ஒன்று வந்தது. மீனாள் என்று பெயர். பின்னால் இரண்டு குட்டிகள். அவற்றின் தகப்பன் போன மழைக்காலத்து வெள்ளத்தில் போய்விட்டிருந்தது.

"அண்ணே, ஒரு தள்ளுவண்டி வேணும். சின்னதா இருந்தாப் போதும். தேனடை ஒண்ணு சேர்த்து வெச்சிருக்கேன்."

"தள்ளுவண்டி இந்த வருஷம் பூஜ்யம்மா," என்றது கரடி. "கணக்கு அப்படி வந்திருக்கு. கூண்டு வண்டி எடுத்துக்கயேன். மணி இலவசம்."

"ரெண்டு குட்டிக்கு நாலு சக்கரமா? எருமைக்கு நான் எங்கண்ணே போவேன்?"

"கணக்குல அதைக் கேக்கலியே."

நீர்நாய் குட்டிகளை அருகே இழுத்துக்கொண்டது. "பூஜ்யத்துல குட்டிங்களை எப்படிண்ணே உக்கார வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டது.

கரடி மயிலிறகைத் துடைத்தது. ஏற்கெனவே துடைத்த இறகுதான்.

தண்ணீர் போகும்போது யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆனைமடு கரையை விட்டு உள்ளே உள்ளே சுருங்கியது. மரநாய் கோடு போட்ட சேறு முதலில் காய்ந்தது. பிறகு வெடித்தது. ஒரு கோடு இரண்டாயிற்று, இரண்டு நூறாயிற்று. கரடி ஒருநாள் மூன்றாவது மூலையைப் பார்த்து ஆறுதல் அடையலாம் என்று இறங்கிப் போனது. கண்டுபிடிக்க முடியவில்லை. குளம் முழுக்கக் கோடு, திரும்பிய பக்கமெல்லாம் மூலை.

முப்பதாம் நாள் கொக்கு கால் நனையாமல் நின்றது.

"போகலாம்!" என்றது கொக்கு. "நடுவுல மட்டும் கொஞ்சம் சேறு. குடிச்சா மூணு நாளைக்கு வரும்."

நாலு வசதியான வீட்டாரும் நாலு கூண்டு வண்டி வாங்கினார்கள். இரண்டு கரடியிடம், இரண்டு பன்றியிடம். யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது பெரிய வீட்டுப் பழக்கம். நாலும் போயின, கரடியின் இரண்டும் மணி அடித்துக்கொண்டு. மயில் வீட்டு வண்டியில் மயிலிறகு போதவில்லை என்று மயில் குறைப்பட்டுக்கொண்டது. கரையில் பதினாறு வண்டிகள் மிச்சம் நின்றன, கிழக்கே எட்டு, மேற்கே எட்டு.

மற்ற பதினெட்டு வீட்டாரும் நடந்தார்கள். நடந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆமை ஒரு அடி வைத்து வெயிலைப் பார்த்தது. இன்னொரு அடி வைத்துத் திரும்பிக் குளத்தைப் பார்த்தது.

கரடி பட்டறை மூலையில் உட்கார்ந்து, சந்து வழியே எட்டிப் பார்த்தது. மீனாள் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு அடுத்த நிழல் வரை ஓடியது. இறக்கிவைத்தது. திரும்பி வந்தது. இந்த நிழலில் கத்திக்கொண்டிருந்த மற்றக் குட்டியைக் கவ்வியது. மறுபடி ஓடியது.

அதே வழியில் மூன்று தடவை. மூன்று நாள் பாதை மீனாளுக்கு ஒன்பது நாள் ஆகும். வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இந்தக் கணக்கைப் போடக் கரடிக்கு மரநாய் தேவைப்படவில்லை. சேறும் கோடும்கூடத் தேவைப்படவில்லை.

கரடி எட்டு வண்டிகளையும் பார்த்தது. அடுத்த வருஷம் விற்றால்கூட நாற்பது தேனடை. மூக்கைத் தடவிக்கொண்டது. பிறகு கையை மூக்கிலிருந்து எடுத்தது.

"வடிவு! ஒரு கூண்டு வண்டிக்குள்ள எத்தனை தள்ளுவண்டி இருக்கு?"

வடிவு தலையைச் சாய்த்து முதலாளியைப் பார்த்தது. "நாலு. சக்கரத்துல துளை ஏற்கெனவே போட்டாச்சு. கைப்பிடிக் கம்பு கட்டினாப் போதும். இதைக் கேக்க முப்பது நாள் ஆச்சா முதலாளி?"

"அப்புறம் திட்டு. இப்ப எல்லாரையும் திரும்பக் கூப்பிடு!"

முதல் வண்டியை உடைத்தபோது எழுந்த சத்தம் கரடியின் நெஞ்சுக்குள்ளும் கேட்டது. இரண்டாவது அவ்வளவு வலிக்கவில்லை. ஐந்தாவதை உடைக்கும்போது வலியை நினைக்க நேரமில்லை. மரங்கொத்திகள் கொத்தின. முள்ளம்பன்றிகள் கொடி அறுத்துக் கொடுத்தன. ஆமைகள் அருகில் நின்று யோசனை சொன்னன. கொக்கின் மூன்று நாள் சேறும் தீரும் நேரத்தில், ஐந்து வண்டியின் இருபது சக்கரத்தில் இரண்டு பிளந்தது போக, பதினெட்டுத் தள்ளுவண்டிகள் தயார்.

கடைசி வண்டிக்குக் கொடி தீர்ந்துவிட்டது. கரடி இலவச மணியைக் கழற்றி எறிந்துவிட்டு, அது தொங்கிய கயிற்றால் கைப்பிடியைக் கட்டியது. மீனாளின் குட்டிகள் அதில் ஏறி உட்கார்ந்தன. உட்கார்ந்த உடனே சண்டை போட்டன.

யாரிடமும் கொடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. பட்டினிக் கோடையில் சேர்த்துவைத்த தேனடையெல்லாம் வயிற்றுக்குப் போய்விட்டிருந்தது. ஒருவர் காய்ந்த நாவல்பழம் கொடுத்தார். மீனாள் இரண்டு கருவாடு கொடுத்தது.

"தோத்துட்டியா மாசிலாமணி!" என்று மேற்கிலிருந்து பன்றி கத்தியது. அது தன் எட்டு வண்டிகளுக்கும் காவல் இருந்தது. தேவை உருவாகிக்கொண்டிருப்பதாக மரநாய் சொல்லியிருந்தது.

"ஆமாண்டா! நல்லாவே தோத்துட்டேன்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டுக் கரடியும் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. உள்ளே ஆமை இருந்தது. வழி நெடுக யோசனை சொல்லிக்கொண்டே வந்தது.

ஆற்றங்கரையில் கரடிக்குப் பட்டறை இல்லை. எனவே மரம் ஏறியது. முதல் நாள் மூக்கு பலாப்பழம்போல் வீங்கியது. பத்தாம் நாள் வீக்கம் மாம்பழத்துக்கு இறங்கியது. ஒரு மாதத்தில் கரடிக்கு ஒரு விஷயம் புரிந்தது. பதினொரு கொட்டுகளை முப்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்ததுதான் அதிகமாக வலித்திருக்கிறது.

மழை வந்தது. குளம் நிறைந்தது. காடு திரும்பியது. மேற்குக் கரையில் எட்டு வண்டிகளும் வெளிப்பார்வைக்கு அப்படியே நின்றன. தாகம் தாங்காமல் கடைசியில் ஆற்றுக்கு ஓடிவந்திருந்த கொம்பையா, திரும்பியதும் ஒன்றைத் தொட்டது. அது மாவாக உதிர்ந்தது. உள்ளே கரையான்கள் மெத்தையோடு குடியிருந்தன. தேவை உருவாகித்தான் இருந்தது. பன்றி பெயர்ப்பலகையைக் கழற்றிவைத்துவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டது. கிழக்கே உடைக்காமல் விட்ட மூன்று வண்டிகளுக்கும் அதே கதிதான்.

அடுத்த கோடை தொடங்கியதும் மரநாய் கிழக்குக் கரைக்கு வந்தது. போன வருஷத்தைவிட முகம் மினுமினுப்பாக இருந்தது.

"சார்! உங்க வெற்றிக் கதையைத்தான் நான் இப்ப எல்லாக் காட்டுலயும் சொல்றேன். பெருசை உடைச்சுச் சிறுசாக்கினாரு பாருங்க, அதுதான் தலைமைப் பண்புன்னு! இந்த வருஷமும் ஒரு கணக்குப் போட்டுடலாமா?"

கரடி தழும்பேறிய மூக்கைச் சொறிந்தது. "போடலாம். கோடு போடு."

மரநாய் உற்சாகமாகக் கோடு போட்டது. இந்த வருஷமும் நாற்பது மரம், முப்பது நாள். சேற்றில் முக்கோணம் மறுபடி பளபளத்தது.

"இதுல மீனாள் எங்க இருக்கா?" என்று கேட்டது கரடி.

மரநாய் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "அது எந்தக் கோடு சார்?"

"கோடு இல்ல. பேரு. நீர்நாய். ரெண்டு குட்டி."

"அது... கணக்குல வராதே சார்."

"வரும். நான் வர வைக்கிறேன்." கரடி சேற்றில் இறங்கி, தன் கனத்த பாதத்தால் ஒரு நிமிர்ந்த கோடு இழுத்தது. அது அவ்வளவு நேராக இல்லை. "தள்ளுவண்டி பதினெட்டுக்குக் குறையக் கூடாது. அது பதினெட்டு வீடு. இந்தக் கோட்டை முதல்ல போட்டுட்டு அப்புறம் உன் மூலையைத் தேடு."

மரநாய் முணுமுணுத்துக்கொண்டே தேடியது. "பதினெட்டுத் தள்ளுவண்டி... நாலு கூண்டு வண்டி... முப்பது நாளும் சரியாப் போச்சு. ஆனா சார், லாபம் முப்பத்தெட்டுதான்! போன வருஷம் அம்பது வந்துதே!"

"எங்க வந்துது?" என்று மேலேயிருந்து கேட்டது வடிவு.

"கணக்குல வந்துதேம்மா! அது மட்டுமா? ஆறு மரம் வேற சும்மா கிடக்கும்!"

"பாதி வழியில சக்கரம் உடைஞ்சா மாத்த வேணாமா? கிடக்கட்டும்," என்றது கரடி. "வடிவு, முதல் துளையைப் போடு. சின்னச் சக்கரத்துல."

மரங்கொத்தியின் டொக் டொக் காடு முழுக்கக் கேட்டது. மரநாய் தன் கட்டணத்துக்காக நின்றுகொண்டே இருந்தது. கரடி அருகிலிருந்த மருத மரத்தைக் காட்டியது. அதன் உச்சியில் ஒரு தேன்கூடு தொங்கியது.

"உன் தேனடை அந்த மூலையில இருக்கு. ஏறி எடுத்துக்கோ."

எந்தக் கணக்கும் தன்னிடம் சொல்லப்பட்டதற்கு மட்டுமே விடை தரும். சொல்லாமல் விடப்பட்டவர்கள் யார் என்று தேடிப் போய்க் கேட்பது கணக்குப் போடச் சொன்னவரின் வேலை.